கீரை நடை: ஒரு நாள் சுற்றா, ஒரே கரைக்கு ஆறு தடவையா?

காட்டுக்கீரை கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு குழு கிளம்பினால், முதல் விவாதம் யாரைக் கூட்டிப்போவது என்பதில்தான் தொடங்கும். சித்த மருத்துவரா, தாவரவியல் ஆசிரியரா, ஊர்ப் பாட்டியா? மூவரில் யார் வந்தாலும் நல்லதுதான். அதைவிடப் பெரிய கேள்வி, எந்த மண்ணில் நிற்கப்போகிறோம், எத்தனை தடவை திரும்பப் போகப்போகிறோம் என்பது.

ஏனென்றால், தரையில் முளைக்கும் பெரும்பாலான கீரைகள் தின்னும் பதத்தில் இருக்கும்போது பூ வைப்பதில்லை. பூத்துக் காய்த்து, இன்ன செடி என்று ஐயமின்றிச் சொல்லும் நிலைக்கு வரும்போது இலை முற்றி, தண்டு நாராகிவிடும். கண்ணுக்கு அடையாளம் தெரிவது ஒரு பருவம், வாய்க்கு உதவுவது வேறொரு பருவம். தப்பான செடி சட்டிக்குள் வருவது அநேகமாக இந்த இடைவெளியில்தான். ஆகவே எந்த ஏற்பாடு ஒரே செடியை இரண்டு மூன்று வயதில் காட்டுகிறதோ, அதற்கே எங்கள் ஓட்டு.

தமிழ்நாட்டில் 12 முதல் 15 பேர் உள்ள ஒரு குடியிருப்புக் குழுவுக்கோ பள்ளிப் பெற்றோர் குழுவுக்கோ நான்கு வழிகள் கைக்கெட்டும். ஊருக்குள்ளேயே காலி மனையிலோ ஏரிக்கரையிலோ ஒரு காலை நடை. களையெடுக்கும் பெண்களோடு வயலில் ஒரு நாள். பழங்குடி வழிகாட்டியோடு மலைக்காடு. கடைசியாக, ஒரே கரைக்கு மழைக்காலம் முழுக்கத் திரும்பத் திரும்பப் போவது.

ஒரு காலை நடை

செலவு குறைவு, குழந்தைகளைக் கூட்டிப்போகலாம், ஞாயிறு ஒன்றில் முடிந்துவிடும். காலை 6.30-க்குத் தொடங்கி 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும். அதன்பின் வெயிலில் இலை துவண்டு, முகம் மாறிவிடும். இரண்டரை மணி நேரத்துக்கு அரை கிலோமீட்டர் தூரம் போதும். அதற்கு மேல் நடந்தால் அது உடற்பயிற்சி, கீரை நடை இல்லை.

இதில் வரும் கோளாறு, வழிகாட்டியின் உற்சாகம். முப்பது நாற்பது செடிகளைக் காட்டிவிடுவார். சாயங்காலம் ஐந்து பெயர் நினைவிருக்கும். அடுத்த வாரம் அந்த ஐந்தில் ஒன்றைத் தப்பாகப் பறிப்பார்கள், அதுவும் மிகுந்த தன்னம்பிக்கையோடு. எனவே முன்கூட்டியே பேசிவிடுங்கள்: ஆறு செடிக்கு மேல் வேண்டாம், அந்த ஆறில் குறைந்தது நாலு கொடியாக இருக்கட்டும்.

கொடி ஏன் என்றால், மேலே சொன்ன இடைவெளி கொடிகளில் இல்லை. முடக்கத்தானில் போன மாதக் காயும் இன்றைய தளிரும் ஒரே கொடியில் தொங்கும். காற்றடைத்த பை மாதிரியான காயைப் பிரித்தால் மூன்று அறை, அறைக்கொரு கருப்பு விதை, விதையில் வெள்ளையாக ஓர் இதய வடிவப் புள்ளி. அதைப் பார்த்தபிறகு அந்தக் கொடியின் நுனியைக் கிள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. கோவையும் அப்படியே: வெள்ளைப் பூ, பச்சைக் காய், சிவந்த பழம் எல்லாம் ஒன்றாகவே இருக்கும். பழத்தில் வெள்ளைக் கோடுகள் ஓடி, இலை ஐந்து விரலாகப் பிளந்திருந்தால் அது ஐவிரலி, தொட வேண்டாம். முசுமுசுக்கையை விரலே சொல்லிவிடும், இலையும் தண்டும் சொரசொரவென்று இருக்கும். பிரண்டையின் நாற்பட்டைத் தண்டைப் பார்த்துச் சதுரக்கள்ளியோ என்று குழம்புகிறவர்கள் உண்டு. ஒடித்துப் பாருங்கள். பால் வந்தால் கள்ளி. அதில் ஜோடி ஜோடியாக முள்ளும் இருக்கும். பிரண்டையில் பால் கிடையாது, கணுவில் பற்றுக்கம்பி இருக்கும். பறிக்கும்போது நுனியிலிருந்து இரண்டு மூன்று கணு மட்டும் போதும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு பட்டையின் நாரை உரித்து, எண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்க்காவிட்டால் தொண்டை அரிக்கும். ஊசி ஊசியாக அதில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட்தான் காரணம்.

தரைச்செடிகளுக்கு வந்தால் கதை வேறு. மூக்கிரட்டையையும் சாரணையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் தரையோடு படரும். இரண்டிலும் இலை எதிரெதிராக, ஜோடியில் ஒன்று பெரிது ஒன்று சிறிது. நின்றபடி பார்த்தால் ஒன்றேதான். மண்டியிட்டுப் பார்த்தால்தான் பிரியும். சாரணையின் இலை தடித்தது, நகத்தால் அழுத்தினால் நீர் கசியும். அதன் பூ காம்பில்லாமல் இலைக்கக்கத்தில் சவ்வுக்குள் ஒளிந்திருக்கும். மூக்கிரட்டையின் இலை மெல்லியது, திருப்பினால் அடிப்பக்கம் வெளிறியிருக்கும். அதன் பூ குண்டூசித் தலை அளவில், கருஞ்சிவப்பாக, மெல்லிய காம்பில் காற்றில் ஆடும்; காய் வேட்டியில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். சாரணையின் இளந்தளிரைச் சமைப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் முற்றிய இலை வயிற்றைக் கலக்கும். போதாக்குறைக்கு, சில ஊர்களில் மூக்கிரட்டையையே சாரணத்தி என்பார்கள். பெயரைக் கேட்டுப் பறிக்கிறவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார். பூவில்லாத நாற்று வயதில் இந்த இரண்டையும் ஒரே காலையில் பிரிக்கக் கற்றுக்கொள்வது நடக்காத காரியம்.

நகரத்தில் இன்னொரு சங்கடம், இடம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றுபோனது, ஆனால் பழைய சாலையோர மண்ணில் விழுந்த ஈயம் அங்கேயேதான் கிடக்கிறது. தூசியைக் கழுவலாம், வேர் உறிஞ்சி இலைக்குள் ஏற்றியதைக் கழுவ முடியாது. கட்டிட இடிபாடு கொட்டிய மனை, பெயிண்ட் சுரண்டிய சுவரோரம், மெக்கானிக் ஷெட்டின் பின்புறம், சாக்கடை கலக்கும் ஏரி மதகு, இவற்றில் பார்க்கலாம், பறிக்கக் கூடாது. சென்னையில் பள்ளிக்கரணைப் பக்கம் போகிறவர்கள் பறவையைப் பார்த்துவிட்டு வரட்டும். பெருங்குடிக் குப்பைக் கிடங்கை ஒட்டிய மண்ணில் வளர்ந்த பொன்னாங்கண்ணி எவ்வளவு கொழுத்திருந்தாலும் அது சட்டிக்கு இல்லை. ஒரு மனையில் எல்லாச் செடியும் ஒரே சமயத்தில் முறுக்கிக்கொண்டு, திட்டுத்திட்டாக மஞ்சளாகியிருந்தால் யாரோ களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். அன்றைக்குத் திரும்பி வந்துவிடுங்கள்.

வயலில் ஒரு நாள்

அடையாளம் காண்பதில் தமிழ்நாட்டின் ஆகச் சிறந்த ஆசிரியர்கள் களையெடுக்கும் பெண்கள்தான். மூன்று நாலு இலை விட்ட நாற்றைப் பார்த்து, நிறுத்தவா பிடுங்கவா மடியில் போடவா என்று கண்மூடித் திறப்பதற்குள் முடிவெடுக்கும் கை அது. கொங்கு நாட்டு மானாவாரிக் காடுகளில் ஆடிப்பட்டத்தில் நிலக்கடலையோ சோளமோ விதைத்து 20, 25 நாளில் முதல் களை எடுப்பார்கள். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டிக்கீரை எல்லாம் அப்போதுதான் சேலை மடியில் சேரும்.

ஆனால் இதை ஏற்பாடு செய்வது கடினம். தேதி மழையின் கையில் இருக்கிறது. ஒரு மாதம் முன்னால் குறித்த சனிக்கிழமைக்கு வயல் காத்திருக்காது. குழுவில் ஒருவர் ஊர்க்காரரோடு தொடர்பில் இருந்து, மூன்று நாள் அவகாசத்தில் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். ஒரு வயலுக்கு ஆறு பேருக்கு மேல் இறங்கினால் பயிர் மிதிபடும். பதினைந்து பேர் என்றால் இரண்டு தோட்டம், அல்லது இரண்டு நாள். விருந்தாளிகளுக்கு விளக்கிக்கொண்டே வேலை செய்தால் பாதிதான் ஓடும், அதனால் சொல்லித்தரும் பெண்களுக்கு முழு நாள் கூலியைக் குழு தர வேண்டும், தோட்டக்காரர் கொடுக்கும் கூலிக்கு மேலாக. கற்றுக்கொடுத்தவருக்கு ஒரு டீயும் வணக்கமும் போதும் என்ற பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது, அது இங்கே வேண்டாம்.

தோட்டக்காரரிடம் முதலிலேயே கேட்க வேண்டியது: விதைத்ததும் களைக்கொல்லி அடித்தீர்களா, அதற்குப்பின் பூச்சிமருந்து எப்போது அடித்தீர்கள், பக்கத்துக் காட்டில் என்ன அடித்தார்கள். மக்காச்சோளத்துக்கு அட்ரசின், கடலைக்குப் பெண்டிமெத்தலின் என்று விதைத்த இரண்டு மூன்று நாளில் மண்ணில் தெளிப்பது பரவலான வழக்கம். இருபதாம் நாள் வயல் துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருந்தால் நீங்கள் கேட்கவே வேண்டாம், வயலே சொல்லிவிட்டது.

அந்தப் பெண்களிடம் ஏன் இது தின்னலாம் அது கூடாது என்று கேட்டால், தின்னலாங்கண்ணு, அவ்வளவுதான், என்றுதான் பதில் வரும். கைக்குத் தெரிந்ததை வாய் விளக்காது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. வரப்பில் இரண்டு குவியல் போடச் சொல்லுங்கள்: மடியில் போட்டது ஒன்று, கழித்தது ஒன்று. கழித்த குவியலில்தான் பாடம். பண்ணைக்கீரை நாற்றுக்குப் பக்கத்தில் அதைப்போலவே இருந்தும் கழிக்கப்பட்ட நாற்றை வைத்துப் பார்த்தால், பண்ணையில் இலைகள் மாற்றி மாற்றி வந்திருக்கும், நாயுருவியில் எதிரெதிராக இருக்கும் என்பது தானாகவே கண்ணில் படும். பருப்புக்கீரையோடு தரைபடர்ந்த சிறு அம்மான் பச்சரிசி கலந்து வரும். கிள்ளினால் பால் வருவது பின்னது. பால் வந்தால் புதியவர்கள் போட்டுவிட வேண்டும் என்ற விதி கொஞ்சம் கறாரானதுதான், அம்மான் பச்சரிசியைச் சமைக்கிற வீடுகள் உண்டு. இருந்தாலும் முதல் வருடத்துக்கு அந்த விதி இருக்கட்டும்.

பறித்ததை அங்கேயே சமைத்துச் சாப்பிடுவது இந்த நாளின் பெரிய லாபம். நாலு பேருக்கு, அலசிய பண்ணைக்கீரைத் தளிர் நாலு பெரிய கைப்பிடி, துவரம்பருப்பு 100 கிராம், சின்ன வெங்காயம் பத்து, பச்சை மிளகாய் மூன்று, சுண்டைக்காய் அளவு புளி. பருப்பு முக்கால் வேக்காடு வந்தபின் கீரையைப் போட்டு, மூடாமல் வேகவைத்து, உப்புப் போட்டுச் சட்டியிலேயே மத்தால் கடைய வேண்டும். மிக்ஸி கூழாக்கிவிடும்.

மலை

இதைத்தான் பலரும் முதலில் கேட்பார்கள், இதைத்தான் நாங்கள் கடைசியில் வைப்போம். சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் எதிலும் ஓர் இலையைக்கூட எடுத்துவர 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. காப்புக்காடுகளுக்கு 1882 தமிழ்நாடு வனச் சட்டம் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் சிறுவன விளைபொருள் எடுக்கும் உரிமையைக் காட்டில் வாழும் மக்களுக்குத் தருகிறது. அவர்களோடு நடந்துபோகிற நமக்கு அது ஒட்டிக்கொள்வதில்லை. கிண்டி தேசியப் பூங்கா நகரத்துக்குள் இருப்பதால் விதி தளர்ந்துவிடாது.

சட்டத்தை விட்டுவிட்டாலும், கற்றல் என்ற கணக்கில் மலை தேறாது. நீலகிரிச் சரிவில் பார்த்த செடி கோயம்பேட்டிலோ பீளமேட்டிலோ முளைக்காது. ஒரே தடவை பார்த்து, திரும்பப் பார்க்கவே முடியாத செடியில் பழக்கம் வருவதெப்படி? இருளர், குறும்பர், பளியர் ஊர்களில் அவர்கள் பறித்துச் சமைத்த கீரைச் சோற்றை விலை கொடுத்துச் சாப்பிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டு வருவதற்குப் போகலாம். அது விருந்து, பாடம் அல்ல.

ஒரே கரைக்கு ஆறு தடவை

ஊரிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில், வண்டித்தடம் இல்லாத ஓர் ஏரிக்கரை, தோப்பு, அல்லது நண்பர் ஒருவரின் தரிசு நிலம். இடம் 50 மீட்டர் நீளம் இருந்தால் போதும். வடகிழக்குப் பருவமழைப் பக்கத்தில் ஐப்பசி முதல் தை வரை, மேற்கே ஆடி முதல் புரட்டாசி வரை. நல்ல மழை ஒன்று விழுந்து பத்து நாள் கழித்து முதல் நடை, பிறகு பதினைந்து நாளுக்கு ஒன்றாக ஆறு.

முதல் நடையில் யாரும் எதையும் பறிப்பதில்லை. எட்டு வகை நாற்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் மூன்று செடிக்குப் பக்கத்தில் ஐஸ் குச்சியில் எண் எழுதி நடுகிறீர்கள். ஏன் மூன்று என்றால் ஒன்றை மாடு மேயும், ஒன்றை யாராவது மிதிப்பார்கள். மார்க்கர் மை மழையில் கரையும், அதனால் பென்சில். ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு படம்: முழுச்செடி, இலையின் மேல்புறம், அடிப்புறம், இலை தண்டோடு சேரும் கணு. நோட்டில் ஒவ்வொருவரும் தன் ஊகப் பெயரை எழுத வேண்டும், மற்றவரைக் கேட்காமல். மூன்றாவது நடையில் பூ வந்ததும் அந்த ஊகங்கள் எத்தனை தப்பு என்று தெரியவரும். இந்த வெட்கத்தைப் போல நல்ல வாத்தியார் கிடையாது.

மணத்தக்காளிக்கு இந்த முறை மிகவும் தேவைப்படுகிறது. குப்பைமேட்டு ஓரங்களில் மணத்தக்காளியும் ஊமத்தையும் பக்கத்துப் பக்கத்தில் முளைக்கும், இரண்டும் ஒரே குடும்பம். ஐந்தாறு இலைப் பருவத்தில் இரண்டும் பச்சையாக, மென்மையாக, ஒன்றுபோலத் தெரியும். ஊமத்தை இலையின் அடிப்பாகம் காம்பின் இரு பக்கமும் ஏறுக்குமாறாக இறங்கும், கசக்கினால் குமட்டும் வாடை. மணத்தக்காளியில் அந்த வாடை இல்லை. எண் போட்ட செடிகள் ஒரு மாதத்தில் மறுக்க முடியாத சாட்சி சொல்லும்: ஒன்றில் சின்ன வெள்ளைப் பூங்கொத்து, இன்னொன்றில் நிமிர்ந்த ஊதுகுழல் பூ, பிறகு முட்காய். ஊமத்தை வயிற்றுக்குள் போனால் வாய் வறண்டு, கண்பாவை விரிந்து, பிதற்றல் வரும். சிறு பிள்ளைகளுக்கு உயிராபத்து. அப்படி ஒரு சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல் 108-க்கு அழைத்து, மிச்சமிருக்கும் இலையையும் கையோடு கொண்டுபோங்கள்.

தகரைக்கும் பேயாவிரைக்கும் இதே கதை. தகரையில் மூன்று ஜோடிச் சிற்றிலை, நுனி மழுங்கியது. பேயாவிரையில் நாலு முதல் ஆறு ஜோடி, நுனி கூர்மை. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் பேயாவிரை விதையைத் தின்ற குழந்தைகள் ஈரலும் தசையும் மூளையும் பாதிக்கப்பட்டு இறந்திருக்கிறார்கள். வேலியில் மழைக்காலத்தில் ஏறும் செங்காந்தளைப் பூ வருமுன்பே அடையாளம் சொல்லப் பழக வேண்டும்: இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டிருக்கும். மாநில மலர்தான், கிழங்கில் கொல்சிசின் என்ற நஞ்சு. கிழங்கு தோண்டும் ஆர்வம் உள்ளவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் மண்வெட்டியைத் தொடக் கூடாது.

வழிகாட்டி ஆறு நடைக்கும் வேண்டியதில்லை. முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது போதும். நடுவில் உள்ளவை உங்கள் வீட்டுப்பாடம். பூத்தபின்னும் பெயரில் சண்டை தீராவிட்டால், பூவோடு ஒரு கிளையைச் செய்தித்தாளில் வைத்து, மேலே பாரம் ஏற்றி, ஒரு வாரம் தினமும் தாளை மாற்றி உலர்த்தி வையுங்கள். அந்த மாதிரியைக் கல்லூரித் தாவரவியல் துறையில் காட்டலாம். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகம், கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தென் மண்டல மையம் போன்றவை இந்த வேலைக்கென்றே இருக்கின்றன. போன் செயலிகள் பூவோடு படம் கொடுத்தால் ஓரளவு உதவும். நாற்றுக்கு அவை சொல்வது ஜோசியம்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் மனிதர்கள். மூன்றாவது நடைக்கு ஆள் பாதியாகும். நோட்டு ஒருவர் கையில், குச்சிகள் இன்னொருவர் கையில் என்று பிரித்துவிட்டால் இரண்டுமே தொலையும், ஒருவரே வைத்திருக்கட்டும். ஏரிக்கரையை ஒரு நாள் ஜேசிபி வழித்துவிட்டுப் போகும் அபாயமும் உண்டு. தனியார் தரிசு கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடும் நாள்

எந்த வழியில் போனாலும் முதல் முறை கலவைக்கீரை கூடாது. பத்துக் கீரையை ஒன்றாகக் கடைந்து நாலு பேருக்கு வயிறு கெட்டால், எந்தச் செடி என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு கீரை, வேகவைத்தது, ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி, மறுநாள் வரை பொறுத்திருப்பது. பச்சைச் சாறு வேண்டவே வேண்டாம்: 1990-களின் நடுவில் தைவானில் உடல் இளைக்கத் தவசிக்கீரையைப் பச்சையாக அரைத்துக் குடித்தவர்களுக்கு நுரையீரல் மீளாமல் கெட்டுப்போனது. அந்தக் கீரையை வேகவைத்துத் தின்னும் ஊர்கள் ஏராளம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பருப்புக்கீரையையும் குப்பைக்கீரையையும் ஒதுக்குவது நல்லது, ஆக்சலேட் அதிகம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினால் மருந்தின் அளவு தடுமாறும்.

ஆக, எதைத் தேர்வது? பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நிறைய இருந்தால் ஒரு காலை நடை, கொடிகள் மட்டும். கொங்குப் பக்கம் தோட்டக்காரர் ஒருவர் பழக்கமென்றால் களையெடுப்பு நாளை விட்டுவிடாதீர்கள். மற்ற எல்லோருக்கும் ஒரே கரை, ஆறு தடவை. முடிந்தால் வழிகாட்டி வராத ஒரு நடைக்குப் பதிலாக வயலைச் செருகிக்கொள்ளலாம். எல்லோரும் மூடிய ஷூவும் கையில் ஒரு கம்பும் வைத்திருக்க வேண்டும், புல்லைத் தட்டியபின்தான் கை வைக்க வேண்டும், கண்ணாடி விரியனுக்கும் அதே கரைதான் வீடு. வகைக்கொரு காகித உறை. பிளாஸ்டிக் பையில் கீரை அரை மணியில் வேர்த்துக் கருக்கும். குச்சிகளையும் பென்சிலையும் இப்போதே வாங்கி வையுங்கள், முதல் மழை சொல்லிக்கொண்டு வராது.